ஐந்து என்று சொன்னேன்

நான் எட்டாவது வரைதான் படித்தேன். என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நகரமைப்பில் மேற்படிப்பு படித்தார். காலேஜ் வடக்கே எங்கேயோ இருந்தது. அவர் ஒரு நாளும் அங்கே போனதில்லை. எல்லாம் லேப்டாப்பில் வரும். சனி, ஞாயிறு முழுக்க. மற்ற நாட்களில் சாயங்காலம் வேலை விட்டு வந்த பிறகு. இரண்டு வருஷம் அப்படி ஓடியது.

எங்கள் வீடு சங்கரன்கோவிலில் தறி ஓடும் தெருவில் இருக்கிறது. வலது பக்கச் சுவர் எங்களுக்கும் மதினிக்கும் பொது. சொந்த மதினி இல்லை, கூப்பிட்டுப் பழகியது. சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. காலையில் ஆறு மணிக்கு ஓட்டினால் சாப்பாட்டு நேரம் போக நாள் முழுக்க ஓடும். நான் பிறந்ததே இந்தத் தெருவில்தான். எனக்கு அது சத்தமே இல்லை. தறி நின்றால்தான் யாருக்கு என்ன ஆச்சோ என்று வெளியே வந்து பார்ப்போம்.

காலேஜுக்கு அது சத்தம். முதல் வகுப்பில் எல்லோரும் தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் முறை வந்தது. மைக்கைத் திறந்தார். கட்டம் கட்டமாக இருந்த முகங்களில் இரண்டு மூன்று சுளித்தன. வாத்தியார் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். சிலர் சிரித்தார்கள். இவர் பேரை மட்டும் சொல்லிவிட்டு மைக்கை மூடினார்.

"என்ன கேட்டாரு?" என்றேன்.

"மில்லுக்குள்ள இருந்து பேசுதியான்னு கேக்காரு."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அடுத்த வகுப்பில் எழுதியே பதில் சொன்னார். ஆனால் வாரம் ஒரு தடவை வாயால் பேசியே ஆக வேண்டும், அதற்கு மார்க் உண்டு என்றார். நான் மதினி வீட்டுக்குப் போனேன்.

"மதினி, ஒரு அஞ்சு நிமிசம் தறிய நிப்பாட்டணும்."

"எதுக்குளா? யாரும் செத்துப் போனாவளா?"

"இல்ல மதினி. அவுக கிளாஸ்ல பேசணுமாம்."

மதினி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "உனக்குக் கல்யாணம் முடிஞ்சு பன்னெண்டு வருசம் ஆச்சு. உம் புருசன் நாலு வார்த்த சேர்ந்தாப்புல பேசி நான் கேட்டதில்ல. இன்னைக்குப் பேசுதானா? நிப்பாட்டுதேன். நானும் கேக்கணும்."

நிறுத்தினாள். முன்கட்டுத் தறிகளை அவள் நிறுத்தினாள். பின்கட்டுக்குக் குரல் கொடுத்தாள். அங்கே அவள் மகள் இருந்தாள். சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றும் இல்லாமல் போனது. எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. இவர் பேசினார். முடித்ததும் நான் சுவரில் இரண்டு தட்டு தட்டினேன். ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தது.

அதிலிருந்து அதுதான் வழக்கம். பேசும் முறை வரும்போது நான் போய்ச் சொல்வேன். முடிந்ததும் இரண்டு தட்டு. சில நாள் ஜன்னல் வழியாகக் குரல் வரும்.

"முடிஞ்சுதா? நாங்க பிழைக்கலாமா?"

"பிழைங்க மதினி."

"பாஸாயிருவானாளா? என் தறி நின்ன நேரத்துக்கே அவனுக்கு டிகிரி குடுக்கணும்."

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன்னால் சேலைக்கு அவசரம் வரும். யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்போதும் நிறுத்தினாள். மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

நான் அப்போது தார் சுற்றும் வேலை செய்தேன். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் நூல் சுற்றிய குச்சி ஒன்று இருக்கும். அதுதான் தார். தீரத் தீர மாற்ற வேண்டும். மதினி நூல் கொடுத்து அனுப்புவாள். இன்னும் மூன்று வீட்டிலிருந்தும் வரும். சுற்றிக் கொடுப்பேன். மதியத்துக்குள் எந்த வீட்டுக்கு எத்தனை தார் வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல மாட்டார்கள். எத்தனை தறி ஓடுகிறது என்று காதால் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அம்மாவும் அப்படித்தான் செய்தாள். ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணுவது கஷ்டம். எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்திருக்கும். நிறுத்தி ஓட்டும்போது எண்ணலாம். ஒன்று ஓட ஆரம்பித்து, அது ஒரு சீருக்கு வந்த பிறகு அடுத்தது வரும். ஒவ்வொன்றுக்கும் தனி அடி இருக்கிறது. பழைய தறி கொஞ்சம் பிந்தி அடிக்கும்.

இதை ஒரு திறமை என்று நான் நினைத்ததில்லை. தெருவில் தார் சுற்றும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

அவர் ஏன் படித்தார் என்று சொல்ல வேண்டும். அவர் ஊர் குருவிகுளம் பக்கம். மானாவாரிக் காட்டில் பாடுபட்ட குடும்பம். மழை பெய்தால் உண்டு. டிப்ளமா முடித்துவிட்டு, ஊர்களுக்குப் படம் போட்டுக் கொடுக்கும் ஒரு தனியார் கம்பெனியில் இருந்தார். கம்ப்யூட்டரில் கோடு போடும் வேலை. வேலை செய்துகொண்டே பகுதி நேரத்தில் பி.இ. முடித்தார். அதற்கும் மதிப்பு வரவில்லை. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் மேற்படிப்பு இருந்ததால் அவருக்கு மேலே போனார்கள்.

"கோடு போடுதவன் நான். எங்க போடணும்னு சொல்லுதவன் வேற ஆளு" என்று ஒரு தடவை சொன்னார். அடுத்த மாதம் படிப்பில் சேர்ந்தார்.

எனக்குப் படிப்பு புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. ஊருக்குப் படம் போடும்போது நிறம் உண்டு. வீடு என்றால் மஞ்சள். கடை என்றால் நீலம். தொழிற்சாலை என்றால் ஊதா. அவர் புத்தகத்தில் காட்டினார்.

"நம்ம தெரு என்ன நிறம்?"

"இப்ப இருக்குத படத்துல எல்லாம் மஞ்சள்."

"தறி?"

"தறி படத்துல இல்ல."

கடைசி வருஷம் அவர் ஒரு பெரிய கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இந்தத் தெருக்களையே எடுத்துக்கொண்டார். வீடும் தறியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது, இதைப் பிரிக்கக் கூடாது, இரண்டுக்கும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும் என்று எழுதப் போவதாகச் சொன்னார். அதற்கு எந்த வீட்டில் எத்தனை தறி என்று கணக்கு வேண்டும்.

தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். மூன்று ஞாயிற்றுக்கிழமை. திரும்பி வந்து என்னிடம் காட்டினார். இந்த வீட்டில் ஒன்று. அந்த வீட்டில் இரண்டு. முக்கு வீட்டில் தறியே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்னளா சிரிக்க?"

"முக்கு வீட்டுல ரெண்டு ஓடுது. நேத்து அவுகளுக்குத் தார் சுத்திக் குடுத்தேன்."

அவர் வேறு மண். அவருக்குத் தெரியாது. எங்கள் தெருவில் தாளும் பேனாவுமாக யார் வந்து எண்ணிக்கை கேட்டாலும் இரண்டைக் கழித்துச் சொல்வார்கள். ஏதாவது இலவசமாகக் கொடுக்க வந்தால் இரண்டைக் கூட்டிச் சொல்வார்கள். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. வந்தவன் எதற்கு வந்திருக்கிறான் என்று தெரியும் வரை அப்படிச் சொல்வதுதான் முறை. பக்கத்து வீட்டுக்காரர் தாளோடு வந்தாலும் அதே முறைதான். தாள் யார் கையில் இருந்தாலும் தாள்தான்.

"அப்ப இது பூராம் தப்பா?"

"ரெண்டு ரெண்டு கூட்டிக்கோங்க."

"அப்படிக் கூட்ட முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் சரியா வேணும்." அவர் தாளைத் தரையில் போட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்? எல்லா வீட்டுக்கும் தெரியுமா?"

"சத்தம் கேட்டா தெரியும்."

அவர் நம்பவில்லை. அடுத்த நாள் லீவு போட்டார். மதியச் சாப்பாட்டுக்குத் தறிகள் நின்று, மறுபடி ஓடும் நேரம் பார்த்துக் கூட்டிப் போனார். நான் ஒரு பையை வைத்துக்கொண்டேன். கடைக்குப் போகிறவள் மாதிரி. ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டேன். நாலு என்றேன். அந்த வீட்டுக்காரர் அவரிடம் இரண்டு என்று சொல்லியிருந்தார். இவர் செருப்பு அறுந்துவிட்டது, ஒரு ஊக்கு வேண்டும் என்று கேட்டு உள்ளே எட்டிப் பார்த்து வந்தார். நாலுதான்.

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கல்யாணம் முடிந்த இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தடவையும் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அவர் மதிய இடைவேளையில் வீட்டுக்கு வந்துவிடுவார், ஒரு மாதம் போனோம். தெருத் தெருவாக. மதியம் சாப்பாடு முடிந்து தறி ஓடும் நேரம். கரண்டு போய் வந்தாலும் ஓடுவோம். நான் கேட்பேன். எண்ணிக்கையைச் சொல்வேன். அவர் செல்போனைப் பார்ப்பவர் மாதிரி அதில் எழுதிக்கொள்வார். நான் சொல்லி ஒருத்தர் எழுதியது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் சொல்லித்தான் நான் எழுதினேன். எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

"பேரு போடுவீங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வீட்டு நம்பர் மட்டும்தான். காலேஜைத் தாண்டி எங்கயும் போவாது."

கடைசியாக எங்கள் தெரு. கடைசி வீடு மதினி வீடு. அதற்கு வெளியே போய் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் லேப்டாப் முன்னால் இருந்தபடியே கேட்டார்.

"மதினி மூணுன்னு சொன்னாவ. மூணுதானா?"

முன்கட்டில் மூன்று. அது எல்லோருக்கும் தெரியும். பின்கட்டில் இரண்டு இருந்தது. அது யாருக்கும் தெரியாது. மதினியின் மகள் மாப்பிள்ளை வீட்டோடு ஒத்து வராமல் திரும்பி வந்தவள். அவளுக்கென்று மதினி இரண்டு பழைய தறியை வாங்கிப் பின்கட்டில் போட்டு, வீட்டுக் கரண்டிலேயே ஓட்டினாள். அந்தப் பெண் தன் சாப்பாட்டைத் தானே சம்பாதித்துக்கொண்டாள். பின்கட்டுக்கு நான்கூடப் போனதில்லை. அந்த இரண்டுக்கும் மகளே தார் சுற்றிக்கொள்வாள். எனக்குத் தெரிந்தது எப்படி என்றால், இவர் பேசுவதற்காக மதினி தறியை நிறுத்தி ஓட்டுவாள் அல்லவா, அப்போது கேட்டுத்தான். மூன்று ஓடி, கொஞ்சம் இடைவெளி விட்டு, உள்ளிருந்து இன்னும் இரண்டு ஓடும். அதில் ஒன்று நொண்டி. பிந்தி அடிக்கும்.

மூன்று என்று சொல்லியிருக்கலாம். ஒரு எண்தான். ஒரு வீடு தப்பாக இருந்திருந்தால் அவர் படிப்பு ஒன்றும் கெட்டுப் போயிருக்காது.

ஐந்து என்று சொன்னேன்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லி முடிக்க வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று பிரித்தும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

தை மாதம் கழிந்து அவருக்குக் கடைசித் தேர்வு. படத்தைக் காட்டி, கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் ஆகும் என்றார். மதினியிடம் போய்ச் சொன்னேன்.

"அரை மணி நேரமா? அப்ப நானும் வந்து உக்காருதேன். தறியை நிப்பாட்டிட்டு நான் அங்கன என்ன செய்ய?"

தறியை நிறுத்திவிட்டு மகளோடு வந்தாள். இரண்டு பேரும் கதவு ஓரம் தரையில் உட்கார்ந்தார்கள். இவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கீழே கைலி. மேசைக்குக் கீழே தெரியாது. மதினி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திரையில் எங்கள் தெருக்கள் வந்தன. மஞ்சளாக இருந்த இடம் முக்கால்வாசி ஊதாவாக இருந்தது. ஒவ்வொரு வீட்டின் மேலும் ஒரு எண். வாத்தியார்கள் மூன்று பேர். ஒருத்தர் நிறையக் கேட்டார். இவர் திக்கித் திக்கிப் பதில் சொன்னார். நடுவில் இவர் என் பக்கம் ஒரு தடவை திரும்பினார், பிறகு திரைப் பக்கமே திரும்பிக்கொண்டார். கடைசியில் அந்த வாத்தியார் தலையை ஆட்டி 'எக்ஸலண்ட்' என்றார். அந்த வார்த்தை எனக்குத் தெரியும்.

முடிந்ததும் மதினி எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"எங்க வீடு எங்கன இருக்கு?"

நான் விரல் வைத்துக் காட்டினேன். "இந்தா மதினி."

"ஊதாவால்லா இருக்கு. நல்ல கலரு." மகளைப் பார்த்தாள். "நம்ம வீட்டுக்கு இந்தக் கலர்ல ஒரு பெயிண்ட் அடிக்கணும்ட்டி."

அந்த ஊதாவுக்குள் ஐந்து என்று இருந்தது. எழுத்து ரொம்பச் சின்னது. மதினிக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. அவள் மகள் பார்த்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வாத்தியார் கேள்வி எதையோ இவரிடம் கேட்கிற மாதிரி திரைக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றேன்.

"என்ன கேட்டாவ அவ்வளவு நேரம்?" என்று எல்லோரும் போன பிறகு கேட்டேன்.

"கணக்கு எப்படி இவ்வளவு சரியா எடுத்தேன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"நேரில் போய்ச் சரிபார்த்தேன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். அதில் எனக்கு அப்போது வருத்தம் இல்லை.

பாஸ் ஆனார். சான்றிதழும் லேப்டாப்பில்தான் வந்தது. கடையில் பிரிண்ட் போட்டுக் கண்ணாடிச் சட்டம் வாங்கி மாட்டினார். மதினி வீட்டுப் பக்கச் சுவரில். தறி அதிர்வில் சட்டம் தினமும் கோணிக்கொள்ளும். நான் தினமும் நேராக்குவேன்.

அவர் கம்பெனிக்கு எங்கள் ஊர்ப் படத்தைத் திருத்தும் வேலை வந்தது. யாருக்காகச் செய்தார்கள் என்று நான் சொல்ல விரும்பவில்லை. மேலே உள்ளவர் இவரைக் கூப்பிட்டு, உன் கட்டுரையில் வீட்டுவாரியாகக் கணக்கு இருக்கிறதாமே, கொடு என்றார். கொடுத்தால் மேல் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இவர் கொடுத்தார். என்னிடம் சொல்லவில்லை. வேலை உயர்ந்ததை மட்டும் சொன்னார். அன்றைக்குக் கடையில் பிரியாணி வாங்கி வந்தார். மதினி வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினேன்.

வைகாசி கடைசியில் மூன்று பேர் தெருவுக்குள் வந்தார்கள். தறியை எண்ண வந்தவர்கள் என்று எல்லோரும் வழக்கம்போல இரண்டைக் கழித்துச் சொல்லத் தயாரானார்கள். அவர்கள் எண்ணவே இல்லை. யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை. வாசலில் நின்று தாளைப் பார்த்து வாசித்தார்கள்.

நான் எங்கள் வாசலில் முறத்தோடு நின்றேன். மதினி வீட்டுக்கு வந்தார்கள்.

"மூணு தறி சார்" என்றாள் மதினி, அவர்கள் கேட்கும் முன்னால்.

"அஞ்சும்மா."

"மூணுதான் சார். வேணும்னா வந்து பாருங்க."

"முன்னால மூணு. மத்தது பின்னால. இதுல இருக்கு."

அவர்கள் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். வீடு என்று இருந்ததை இனிமேல் தொழில் என்று எழுதுவார்களாம். வரி வேறு. வீட்டுக் கரண்டில் தறி ஓட்டக் கூடாது. ஓட்டினால் இணைப்பை வெட்டிவிடுவார்கள். எல்லா வீட்டுக்கும் அதேதான். எண் மட்டும் வேறு வேறு. ஒரு எண்ணும் தப்பில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் ஆண்கள் கூடி நின்றார்கள். என் வீட்டுக்காரர் வந்ததும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். படம் போடுகிறவர் அவர்தானே.

"மேல இருந்து போட்டோ எடுத்திருக்காவ. சேட்டிலைட்டு" என்றார். "இப்ப எல்லாம் அப்படித்தான் எடுக்காவ அண்ணாச்சி."

சிலர் நம்பினார்கள். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினேன்.

"காலேஜைத் தாண்டிப் போவாதுன்னு சொன்னீங்க."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நான் எழுதினதை நீ படிச்சுப் பாத்திருக்கணும். கடைசிப் பக்கத்துல என்ன எழுதியிருக்கேன் தெரியுமா? இந்தத் தெருவுல யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாது, வீட்டோட இருக்குத தறிக்குச் சலுகை குடுக்கணும்னு எழுதியிருக்கேன்."

"அந்தப் பக்கம் எங்க?"

"படத்தை மட்டும்தான் கேட்டாங்க."

"பொய்யா எழுதினோம்? உள்ளதத்தான எழுதினோம்" என்றார். நான் சாத்திய கதவைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் மதினி நூல் கொண்டு வந்தாள். வழக்கமாக மகள்தான் கொண்டு வருவாள். நூலை வைத்துவிட்டு நின்றாள்.

"ஏளா, மேல இருந்து போட்டோ எடுத்தா ஓட்டுக்குக் கீழ இருக்குதது தெரியுமா?"

"தெரியல மதினி."

"நொண்டித் தறிகூடத் தெரிஞ்சிருக்கே."

நான் தார் சுற்றும் ராட்டையைச் சுழற்றினேன். அவள் போய்விட்டாள்.

பின்கட்டுத் தறி இரண்டையும் ஆனி மாதம் கழற்றினார்கள். பழைய இரும்புக்காரன் வண்டி கொண்டு வந்தான். என் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பெண் வண்டிக்குப் பின்னால் தெருமுனை வரை போய், அப்புறம் திரும்பி வந்தாள். ஒரு வாரத்தில் திருப்பூருக்கு பஸ் ஏறினாள். பனியன் கம்பெனியில் விடுதியோடு வேலை. தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடமும் சொல்லிக்கொண்டாள். "வாரேன் அத்த" என்றாள்.

ஆடியில் கொடி ஏறியது. எங்கள் ஊரில் ஆடித் தபசுக்குக் கொடி ஏறினால் நேர்ந்துகொண்டவர்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். ஆடிச் சுற்று என்போம். நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று, அவரவர் வேண்டுதல். ஒரே நாளில் முடிக்க முடியாது. தினமும் காலையில் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுவோம். நானும் மதினியும் ஒன்பது வருஷமாகச் சேர்ந்துதான் சுற்றுகிறோம். கணக்கு மதினி கையில் இருக்கும். சுருக்குப்பையில் புளியங்கொட்டை. ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டையை இடுப்பில் செருகிய துணிக்கு மாற்றுவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. எனக்கு எண்ண வேண்டிய வேலையே கிடையாது.

அந்த வருஷம் அவள் கூப்பிடுவாளா என்று இருந்தது. கூப்பிட்டாள். "வாளா, நேரமாச்சு" என்று வாசலில் நின்றாள். எப்போதும்போல.

அதுதான் தாங்கவில்லை. இரண்டு நாள் அப்படியே சுற்றினேன். மூன்றாம் நாள் மேற்குப் பக்கம் திரும்பும்போது சொன்னேன்.

"மதினி. அஞ்சுன்னு சொன்னது நான்தான்."

அவள் நடையை நிறுத்தவில்லை. சுற்றில் நிற்கக் கூடாது. வடக்குப் பக்கம் கடந்தோம். கோபுரத்துக்கு நேரே வந்ததும் கும்பிட்டாள். கொட்டையை மாற்றினாள். அடுத்த சுற்று தொடங்கினோம். அதில் பாதி வந்ததும் கேட்டாள்.

"பின்கட்டுக்கு நீ வந்ததே இல்லயே."

"சத்தம் கேட்டேன். நீங்க நிப்பாட்டி ஓட்டும்போது."

"அவன் பேசுததுக்கு நிப்பாட்டினேனே, அப்பவா?"

"ஆமா."

அந்தச் சுற்றும் முடிந்தது. மதினி ஓரமாக ஒதுங்கினாள். சுருக்குப்பையை அவிழ்த்தாள். மீதி இருந்த கொட்டைகளை எண்ணினாள். அவசரப்படவில்லை. சரிபாதியை என் கையில் கொட்டி, என் விரல்களை மூடினாள்.

"உன் சுத்த நீயே எண்ணிக்கோ."

நடந்தாள். நான் கொஞ்சம் இடைவெளி விட்டு நடந்தேன். கூட்டத்தில் அவள் முதுகு மறையும் வரை நான் வேகமாக நடக்கவில்லை. மீதி நாட்கள் நான் தனியாக, வேறு நேரத்தில் போனேன். நேர்ந்துகொண்டதை முடித்தேன். கொட்டை கையில் வியர்த்துப்போய் இருக்கும்.

மதினி வீட்டிலிருந்து நூல் வருவது அன்றோடு நின்றது. ஒரு மாதத்தில் மற்ற மூன்று வீட்டிலிருந்தும் நின்றது. யாரும் வந்து சண்டை போடவில்லை. திட்டவில்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என் குடத்துக்கு வழி விடுவார்கள். முன்னால் அப்படி விட மாட்டார்கள், தள்ளுவார்கள், ஏசுவார்கள், சிரிப்பார்கள். இப்போது வழி விடுகிறார்கள். ராட்டையை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன்.

புரட்டாசியில் அவருக்கு லேப்டாப்பில் ஒரு மீட்டிங். வேலை பார்க்கும் வடக்கத்தி ஆட்களோடு. என்னைப் பார்த்தார்.

"போய்ச் சொல்லிட்டு வா."

நான் போகவில்லை. அவரே எழுந்து போய்ச் சுவரில் தட்டினார். இரண்டு தட்டு. அது ஓட்டுவதற்கான தட்டு, நிறுத்துவதற்கானது இல்லை. இரண்டு வருஷம் அவர் காதுக்கு முன்னால் நடந்தது, அவருக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டே இருந்தது. அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரோ தெரிந்தவர் கடைக்குப் போனார்.

சாயங்காலம் வந்தவர் செல்போனை எடுத்து வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். பழைய மாதிரி. கொஞ்சம் சிரித்த முகமாக.

"ஏளா, ஒரு சின்ன வேலை. காகிதம் குடுத்த பிறகு எந்த வீட்டுல எத்தனை குறைச்சிருக்காவ, எத்தனை இன்னும் ஓடுதுன்னு கேக்காங்க. பழைய மாதிரி ஒரு வாரம் நடந்தா போதும். முதல்ல பக்கத்து வீட்டுல இருந்து ஆரம்பிப்போம். இங்கன இருந்தே சொல்லிரலாம்லா."

அப்போதுதான் கரண்டு போய் வந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. ஒன்று சீருக்கு வந்தது. அடுத்தது வந்தது. அவர் போனில் விரலை வைத்துக் காத்திருந்தார்.

"எத்தனை?"

"தெரியல" என்றேன். "சத்தமாத்தான் கேக்கு."

"நல்லாக் கேளு."

"எனக்கு இப்ப எண்ண வரமாட்டேங்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போனை அணைத்தார். நான் எழுந்து, கோணியிருந்த சட்டத்தைப் பார்த்தேன். நேராக்கவில்லை. உலை வைக்கப் போனேன்.

எத்தனை ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். இங்கேயும் எழுத மாட்டேன்.